உயிரோடிருந்தவருக்கு எடுத்த மீசை

எங்கள் பக்கத்தில் ஒருவன் தலையோடு மீசையையும் மழித்துக்கொண்டு வந்தால் "ஏன்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "யாரு?" என்றுதான் கேட்பார்கள். அப்பனா ஆத்தாளா என்று அதற்கு அர்த்தம். வேறெதற்கும் ஆண்பிள்ளை மீசையில் கத்தி வைக்க மாட்டான்.

வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம், ஐப்பசியில், புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பச்சமுத்து அப்படித்தான் வந்தான். காக்கிச் சட்டை, மொட்டைத் தலை, வெறும் உதடு. வண்டித்தடத்தில் எதிரே வந்த ஓர் ஆட்டுக்காரர் நின்று, "யாரு சாமி?" என்று கேட்டார். "எங்கய்யனுங்க" என்றான். "அட கெரகமே, ஆரு கைல என்ன இருக்குது, போ சாமி" என்று அவரும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்?

பச்சமுத்துவின் அய்யன் குழந்தைவேல் அந்நேரம் தோட்டத்துக் கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் பாரத்தையும் சேர்த்துக் கொடுத்து, தோல்பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் குதித்து இறங்கி மாட்டைப் பின்னுக்குத் தள்ளி, நடுநடுவே பாட்டும் படித்துக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"அய்யா!"

அது கூப்பிட்ட சத்தமில்லை, அலறிய சத்தம். குழந்தைவேல் திரும்பிப் பார்த்தார். மகன். மகனின் தலை. மகனின் உதடு. கயிற்றை விட்டுவிட்டார்.

"யாரு சாமி? ஆத்தாளா? அடிப் பாவி, இப்பத்தானே கூழு ஊத்திக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போனா! ஐயோ, அத்தாயீ!" என்று தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். செத்துப்போன அய்யன் ஓடுவதைப் பார்த்த பச்சமுத்துவோ கால்வாயிலேயே மயங்கி விழுந்தான். இதைக் கேட்டு ஊரே நாள்கணக்கில் சிரித்தது. சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அத்தாயி வேலிப்படலைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கென்ன கேடு? என்னத்துக்குங்க இப்படிக் கத்தறீங்க?"

"நீ... நீ இருக்கறயா?"

"இல்லாம?"

இருவருமாக ஓடிப்போய்ப் பையனைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அவன் கண்ணைத் திறந்து அப்பனின் கையைப் பிடித்துப் பார்த்தான், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நானும் இருக்கறேன், உங்கய்யனும் இருக்கறாரு. அப்பறம் ஆருக்கு சாமி மீசைய எடுத்த?" என்றாள் அத்தாயி.

"அய்யனுக்குத்தான் ஆத்தா."

நடந்தது இதுதான். வடக்கே எங்கோ ஒரு பட்டாளத்துப் பாசறை. ஒரே கொட்டகையில் நாற்பது பேர் படுப்பார்களாம். புதிதாக வந்தவர்களைப் பழைய ஆட்கள் சிலர் பிடித்து ஆட்டிவைப்பார்கள். பச்சமுத்து ஊர் நினைப்பில் அழுகிறவன். சும்மா அழுகிறானே, அழுவதற்கு ஒரு காரணம் கொடுப்போம் என்று அவர்களுக்கு ஒரு யோசனை. சேலத்துப் பையன் ஒருவன், கஸ்பார் என்று பேர், வேதக்காரப் பிள்ளை, அவனை விட்டுச் சொல்ல வைத்தார்கள்: உங்கய்யன் போய்ச் சேர்ந்துட்டாராம், ஊரிலிருந்து தாக்கல் வந்திருக்கிறதாம். பச்சமுத்துவுக்கு எழுத்து தெரியாது. நம்ம சேலத்தான் மாதா மேல் சத்தியம் பண்ணிச் சொல்கிறான் என்று நம்பினான். நாவிதரைக் கூட்டிவந்து மழிக்கச் சொன்னதும் அவர்கள்தான். தோளில் குடம் தூக்க வைத்தார்கள், குடத்தில் ஓட்டை போட்டார்கள், கடைசியில் அதை உடைக்கவும் வைத்தார்கள், போர்வையை முக்காடு போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவன் நிஜமாகவே அழுதான். அவர்கள் முக்காட்டுக்குள் குலுங்கியது சிரிப்பென்று அவனுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. மொட்டைத் தலையைப் பார்த்த மேலதிகாரி, பாவம் என்று கருமாதிக்கு லீவு கொடுத்துவிட்டார்.

"அப்ப எனக்குக் கொள்ளிக்கொடம் ஒடச்சுட்டயா?" என்று கேட்டார் குழந்தைவேல்.

பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? உயிரோடிருப்பவனுக்குக் குடம் உடைத்தாகிவிட்டது, இனி அந்த ஆள் வாசல்வழியாக வீட்டுக்குள் நுழையக் கூடாது, மறுபடி பிறந்துதான் வரவேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை இருந்தது. வேம்பில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டார்கள். குழந்தைவேலை வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற பொடக்காணிப் பக்கமாக வேலியைப் பிரித்துக் கூட்டிவந்து மஞ்சத்தண்ணி ஊற்றித் தொட்டிலில் போட்டார்கள். அவருடைய அக்கா குப்பாயி, பல்லுப்போன கிழவி, பிறந்த பிள்ளைக்கு வைப்பதுபோல வாயில் சர்க்கரைத்தண்ணி தொட்டுச் சேனை வைத்து, காதில் மூன்று தரம் பேரைச் சொன்னாள்.

"கொழந்தவேலு கொழந்தையாயிட்டான்டோய்!"

"அழுவுடா கொழந்தவேலு! பொறந்த புள்ள அழுவலீன்னா ஆவாது!"

"மரத்துக் கெள பாத்து, ஒடிஞ்சுரும்! புள்ள கனமான புள்ள!"

பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொட்டிலுக்குள் மடங்கிக் கிடந்த குழந்தைவேல் மட்டும் சிரிக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் உரக்கப் பேசுகிற மனுஷன் அவர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது மற்ற தகப்பன்மார்கள் பையன்களை ஒளித்துவைக்க, "என் மவன் வருவான்" என்று முன்னால் நின்றவர். அந்த மானமெல்லாம் சேலைத் தொட்டிலில் போயிற்று. அந்தக் கோபம் பாசறைக்காரர்கள் மேல் போயிருக்க வேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பக்கத்தில் இருந்தவன் பையன். அவன் மேல் போயிற்று.

தோஷம் கழிய அவனும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். அத்தாயி அவனைப் பொடக்காணிக் கல்லில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்றான். பெற்றவளிடம் என்ன வெட்கம் என்று அவளே கழற்றினாள்.

"இதென்ன சாமி, அம்ம போட்டுதா?"

"இல்லாத்தா."

"அப்பறம் என்னது, புள்ளி புள்ளியா?"

"பீடி நெருப்பு."

எண்ணெய்க் கை அப்படியே நின்றது. தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை சூடு இருந்தது. சிலது ஆறியிருந்தது, சிலது ஆறவில்லை. குறுக்கே வார் பட்ட தடிப்புகள்.

"ஆரு சாமி?"

"பழைய ஆளுங்க. வெளக்க அணச்சப்பறம் எழுப்புவாங்க. அவங்க துணியத் தொவைக்கோணும், பூட்ஸத் தொடைக்கோணும், அது பரவால்ல. குதுரையாட்டம் நாலு கால்ல நிக்க வெச்சு முதுகுல போர்வையப் போட்டு ஏறுவாங்க. அழுதா எச்சா அடிப்பாங்க. அழுவலீன்னா அழுவற வரைக்கும் அடிப்பாங்க."

"மேல இருக்கறவங்க கேக்கறதில்லையா?"

"அவலுதாரு பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போயிருவாரு. அவரயும் ஒரு காலத்துல அப்படிப் பண்ணுனாங்களாம். பண்ணுனாத்தான் சோல்சராவானாம்."

"அந்தக் கஸ்பாரு?"

"அவனும் என்னையாட்டந்தான் ஆத்தா. சொல்லாட்டி அவன் முதுகுல நெருப்ப வெச்சிருப்பாங்க. நான் போவுல ஆத்தா. நீ அய்யன்கிட்டச் சொல்லு. தோட்டத்துல கெடக்கறேன். கவலை ஓட்டறேன், சாணி அள்ளறேன். என்னைய அங்க அனுப்ப வேண்டாம்னு சொல்லு."

அத்தாயி அவன் முதுகில் எண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டு வைத்தாள், தேய்க்கவில்லை. பிறகு வெந்நீர் விளாவினாள்.

அன்றைக்குப் பொழுது சாய, குழந்தைவேல் சோளச்சோறும் கொள்ளுப்பருப்பும் தின்றுகொண்டிருந்தபோது பேச்சை எடுத்தாள். அவன் முதுகை ஒருதரம் பாருங்க என்றாள். அவர் பார்க்கவில்லை. தலையாரி மணியன் அதற்கு முன்பே வந்து ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். லீவு முடிந்தும் போகாதவனை ராசிபுரம் பக்கத்தில் பிடித்து, கையில் விலங்கு மாட்டி, சந்தை நாளில் நடத்திக் கூட்டிப்போனார்களாம்.

"தொட்டில்ல போட்டுச் சிரிச்சது பத்தாதா? இனி வெலங்கு வேற மாட்டி இந்த வழியா நடத்தோணுமா?"

"அவன் பயப்படறானுங்க."

"பயப்படாம என்ன பண்ணுவான்? உசுரோட இருக்கற அப்பனுக்குக் கொடம் ஒடச்ச பாவம், அது ஆள ஒலுக்கத்தான் செய்யும். இப்பத்தான் கழிச்சாச்சே. நாலு நாள்ல சரியாப் போவும்."

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் அதை நிஜமாகவே நம்பினார். பையன் ராத்திரியில் திடுக்கிட்டு எழுவதும், சோறு இறங்காததும், யாராவது பீடி பற்றவைத்தால் எழுந்து போய்விடுவதும் எல்லாம் அந்தக் குடத்தின் தோஷம்தான். தோஷத்துக்குத்தான் முறை செய்தாகிவிட்டதே! இப்படி ஒரு தப்பு எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் வரும்.

லீவு முடிகிற சமயம் பச்சமுத்து தானே கேட்டான். மிளகாய்ப் பாத்தியில் அப்பன் மண்வெட்டியால் மடை மாற்ற, மகன் கூடவே நடந்தான்.

"அய்யா."

"ம்."

"நான் போவுலீங்கய்யா."

"எங்க?"

"பட்டாளத்துக்குங்க."

குழந்தைவேல் மடையை அடைத்தார். "செத்தவனே பொறந்து வந்துட்டேன். உனக்கு இன்னும் என்னடா பயம்?"

"அது இல்லீங்க. அவங்க..."

"அவங்க என்ன? நாலு ஆம்பளைங்க ஒண்ணாப் படுத்தா வெளையாட்டுத்தான். நாங்க வெளையாடுலயா? மாமன் மச்சானப் புடிச்சுக் கெணத்துல முக்குவோம், மூச்சு முட்ட முட்ட முக்குவோம்."

"நம்மூர்ல முக்குனா வெளிய எடுத்துருவாங்கய்யா."

குழந்தைவேல் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் அவரை எங்கோ தொட்டிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் மடையை உடைத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குள் ஓடியது, அவர் குனிந்து மண்ணை இழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பழைய ஆளாகிவிட்டார்.

"ஊருக்கு முன்னால என் மவன்னு சொல்லி அனுப்புனேன். பொட்டப்புள்ளையாட்டம் ஆத்தா முந்தானையில வந்து ஒளிஞ்சுக்காதே. ஆம்பளயா இரு."

பையன் மண்வெட்டியை வாங்கி மீதிப் பாத்திக்கு அவனே தண்ணீர் கட்டினான்.

புதுச்சத்திரத்தில் பஸ் நெடுநேரம் கிளம்பவில்லை. பெட்ரோல் கிடைக்காத காலம், பின்னால் கரியடுப்பு வைத்த வண்டி. கண்டக்டர் துருத்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், நெருப்புப் பிடிக்கவில்லை. அப்பன், ஆத்தாள், மகன் மூன்று பேரும் புளியமரத்தடியில் நின்றார்கள். அத்தாயி பொரிமாவு உருண்டைத் தூக்கை அவன் கையில் கொடுத்து, வாங்கி, மறுபடி கொடுத்தாள். மீசை அரும்பத் தொடங்கியிருந்த உதட்டை அவன் கடித்துக்கொண்டே இருந்தான். அப்பன் வாயைத் திறப்பாரென்று அவர் முகத்தையே பார்த்தான். அந்தப் பாழாய்ப்போன அடுப்பு அன்றைக்குப் பற்றாமலே போயிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். பற்றிக்கொண்டது. வண்டி கிளம்பியது.

தைப் பொங்கல் கழிந்து, களத்தில் சோளக்கதிர் போட்டு மாட்டை விட்டுப் போரடித்துக்கொண்டிருந்தபோது, களத்தோரம் ஒரு பையன் வந்து நின்றான். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கையில் ஒன்றுமில்லை.

"பச்சமுத்து ஊடுங்களா?"

"ஆமா. நீயாரு சாமி?"

"சேலமுங்க. பேரு கஸ்பாருங்க."

குழந்தைவேல் தார்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், களமே திரும்பியது.

"அட மகராசா, நீதானா அது! என்னையச் சாவடிச்சவன்! ஏய் குப்பாயக்கா, இங்க வா, நான் சொன்னனே, இவந்தான் அந்தக் கஸ்பாரு. அத்தாயி, மோரு கொண்டா. உக்காரு சாமி, உக்காரு. எங்க அவன்? லீவா? கூட வந்திருக்கறானா?"

கஸ்பார் உட்காரவில்லை. மோரையும் வாங்கவில்லை.

"அய்யா, பச்சமுத்து போயிட்டானுங்க."

குழந்தைவேல் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? போன தடவ எனக்கு, இந்தத் தடவ அவனுக்கு! ஏன்டா, உங்களுக்கு வேற வெளையாட்டே கெடைக்கலயா?" சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "டேய் பச்சமுத்து, வாடா வெளிய! தெரிஞ்சுபோச்சு!"

"அய்யா, அவன் வரலீங்க."

"தடத்துல நிக்கறானா?"

"சத்தியமாச் சொல்றனுங்கய்யா. மாதா மேல சத்தியம்."

"அன்னிக்கும் மாதா மேல சத்தியம் பண்ணித்தானே என்னைய முடிச்ச? எம்மவன் எல்லாம் சொன்னான்."

கஸ்பாரின் வாய் கோணிக்கொண்டது. சின்னப் பையன்தான், இருபது இருக்கும். அழுதுகொண்டே சொன்னான்.

"அது பொய்யிங்கய்யா. அடிச்சாங்க, சொன்னேன். இது நெசமுங்க. அவன் திரும்பி வந்து, உங்களத் தொட்டில்ல போட்டுப் பேரு வெச்சத எங்கிட்டச் சொன்னான். அது அவங்க காதுல உழுந்துருச்சு. 'உங்கப்பன் மட்டுந்தான் மறுக்காப் பொறப்பானா, உன்னையும் பொறக்க வெக்கறோம்'னு தண்ணித்தொட்டியில எறக்குனாங்க. அங்க பனி கொட்டுமுங்க, தண்ணி கையில பட்டா வெட்டும். அவன் மேல வர வர முக்குனாங்க. என்னையப் புடிச்சுக்கிட்டாங்க. வெடியறப்பக் காச்சல். ஆசுபத்திரியில நெஞ்சுல சளி கட்டிருச்சுன்னாங்க. நான் ஊருக்கு லீவுல வந்தேன். காயிதம் எப்ப வருமோ, வந்தாலும் அதுல இதெல்லாம் இருக்காதுங்க. அதான் வந்தேன்."

குழந்தைவேலின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. தொட்டில் போட்டது இந்த ஊருக்குத்தான் தெரியும். பிறகு, "அவனே சொல்லிக் குடுத்திருப்பான். அப்பன் போவச் சொல்லிட்டான்னு வீம்பு. என்னைய அழுவ வெக்கப் பாக்கறான்" என்றார். "நான் அழுவ மாட்டேன்னு போய்ச் சொல்லு. மோரக் குடிச்சுட்டுப் போ."

கஸ்பார் கும்பிட்டுவிட்டுத் தடத்தில் நடந்தான். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தாயி பின்னாலேயே போனாள்.

"சாமி, நில்லு."

நின்றான்.

"கடைசியில பக்கத்துல ஆராச்சும் இருந்தாங்களா?"

"நான் இருந்தேம்மா."

"என்ன சொன்னான்?"

"ஆத்தா ஆத்தான்னு கூப்புட்டான். ஆருமே பதில் சொல்லலீன்னா எப்படிங்கம்மா? நாந்தான் 'என்ன சாமி'ன்னேன். கூப்புடறப்பல்லாம் சொன்னேன்."

அத்தாயி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நல்லாயிரு சாமி என்றாள். அவன் முதுகைத் தடவினாள். சட்டைக்கு மேலேயே அவன் நெளிந்தான். போ, என்று அனுப்பிவிட்டு, அவன் கண்ணுக்கு மறையும் வரை நின்றாள்.

அவள் திரும்பி வந்தபோது குழந்தைவேல் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். "பொங்கலுக்கு வராதவன் மாரியாயி நோம்பிக்கு வந்து நிப்பான் பாரு. வரட்டும், தொட்டில்ல போட்டு ஊரக் கூட்டிச் சிரிக்க வெக்கறேன்." குப்பாயி "ஆமா, ஆமா" என்றாள், ஆனால் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தாயி களத்தின் நடுவில், சோளத்தட்டின் மேல் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தாள்.

"பெத்த வயிறு பத்தி எரியுதே, எஞ் சாமீ..."

"ஏய்! நிறுத்து!" குழந்தைவேல் பாய்ந்து வந்தார். "உசுரோட இருக்கற புள்ளைக்கு ஒப்பாரி வெக்கறயா? அறிவிருக்கா உனக்கு? அவனுங்க வெளையாடறானுங்கடி!"

அவள் பாட்டை நிறுத்தினாள். தலைமயிரை ஒதுக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அந்த வெளையாட்டு வேண்டாம்னுதானே அவன் வந்தானுங்க."

அவர் கீழே கிடந்த தார்க்குச்சியைக் குனிந்து எடுத்தார்.

"எங்கிட்ட முதுகக் காட்டுனான். உங்ககிட்ட வாயத் தொறந்தான். பாத்தியில உங்க கூடவே நடந்தான். என்னைய அனுப்பாதீங்கன்னானா இல்லீங்களா?"

"சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

குழந்தைவேல் சோளத்தட்டைக் காலால் ஒதுக்கினார்.

"ஆம்பளயா இருன்னு சொன்னீங்க" என்றாள் அத்தாயி. "இருந்துட்டான்."

மாடுகள் கதிரை மிதிப்பதை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே தின்னத் தொடங்கின. ஓட்ட ஆளில்லை. குழந்தைவேல் குந்தவைத்து உட்கார்ந்தார். தடத்தைப் பார்த்தார். அதில் ஒருவருமில்லை. திடீரென்று இரண்டு கையையும் அந்தத் தடத்தைப் பார்த்து நீட்டி, பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"போவ வேண்டாஞ் சாமி. ஊட்டுலயே இருந்துக்க. வெலங்கு மாட்டுனா என் கையில மாட்டட்டும். நீ போவ வேண்டாம், வா சாமி, ஊட்டுக்கு வா."

செத்தவனை வீட்டுக்குக் கூப்பிடக் கூடாதென்று குப்பாயி எழுந்து அவர் வாயைப் பொத்த வந்தாள். அத்தாயி அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"உடுங்க, சொல்லட்டும்" என்றாள்.